கழித்த இருபத்திரண்டு அம்புகள்

ஜனவரி 18, சனி

அம்புப் பெட்டி ரெண்டும் வீட்டுக்கு வந்தாச்சு. ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே கிடக்கு. காலையிலிருந்து மூணு தடவை இடிச்சுக்கிட்டேன், மூணு தடவையும் தினகரனைத்தான் திட்டினேன். வேற யாரைத் திட்டறது, கட்டிக்கிட்டது அவரைத்தானே.

மதியம் கேன்டீனில் சுகந்தி கேட்டாள், "அடுத்த சனிக்கிழமை லீவு போட்டிருக்கீங்களேக்கா, கோயிலுக்கா?"

"போருக்கு"ன்னேன். சோறு பிசைஞ்ச அவ கை அப்படியே நின்னுடுச்சு.

அப்புறம் பாவம்னு விளக்கிச் சொன்னேன். நாங்க நாற்பது பேர். பேங்க்காரர், ஸ்கூல் டீச்சர், மெடிக்கல் ஷாப் வச்சிருக்கிறவர், எல்லாம் ஏழு கழுதை வயசானவங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ரெண்டு நாள் வேஷம் கட்டிக்கிட்டு, இல்லாத ஊருக்கு ராஜாவாவும் ஒற்றனாவும் வாழ்வோம். வசனம் கிடையாது, பார்க்க ஆள் கிடையாது. அவங்கவங்களுக்குத் தோணினதைப் பேசலாம், செய்யலாம். கதைக்கு எலும்புக்கூடு மட்டும் தினகரன் எழுதுவார். சண்டைக்கு ஸ்பாஞ்ச் சுத்தின கத்தி, ஸ்பாஞ்ச் தலை வச்ச அம்பு.

"அப்ப நீங்கதான் ராணியாக்கா?"

"நான் அம்பு பாக்கிறவ."

அவளுக்குச் சப்புன்னு போச்சு. எனக்கு அது பெருமைதான். இங்க பம்ப் கம்பெனியில் பதினோரு வருஷமா கடைசி சோதனை மேஜை என்னுது. என் முத்திரை விழாம ஒரு மோட்டார் கேட்டைத் தாண்டாது. அங்கயும் அப்படித்தான், என் டேப் ஒட்டாத அம்பு வில்லில் ஏறாது.

ஜனவரி 24, வெள்ளி

மூட்டை கட்டி முடிச்சோம். தினகரனைக் கையில் பிடிக்க முடியலை. இந்த வருஷம் கோட்டை முற்றுகையாம். ஆறு மாசமா எழுதியிருக்கார். பன்னிரண்டு வில்லாளிங்க, ஆளுக்கு அஞ்சு அம்பு, ஒரே நேரத்தில் வானத்தில் பறக்கணுமாம். சாப்பிடும்போது சாம்பார் கரண்டியை வச்சு விளக்கினார், மேஜையெல்லாம் சாம்பார்.

"அறுபது அம்பு வேணும் வசு. அறுபத்திநாலு இருக்கு. பாத்து விடு."

"பாத்துத்தாங்க விடுவேன்"ன்னேன். போன வருஷம் ரெண்டு வில்லைக் கழிச்சதுக்கு ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தவர் இவர்.

ஜனவரி 25, சனி. தோப்பு

காலையில் ஆறரைக்கே உக்காந்துட்டேன். ஒவ்வொரு அம்புக்கும் அஞ்சு வேலை. குச்சியை லேசா வளைச்சு விரிசல் சத்தம் கேக்குதான்னு பாக்கணும். இறகைத் தடவணும். நாண் மாட்டற பிளவைப் பாக்கணும். தலையை முறுக்கி ஆடுதான்னு பாக்கணும். கடைசியாக் கட்டை விரலைத் தலையில் வச்சு அமுக்கணும். குச்சி முனையில் ஒரு ரப்பர் மூடி இருக்கு, அது கழண்டா குச்சி ஸ்பாஞ்சுக்குள்ள ஏறி வந்துடும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். ஸ்பாஞ்ச் தலை கண்குழியைவிட அகலம், அதனால் வெறும் முகத்தோட நிக்கிறாங்க எல்லாரும். குச்சி முன்னால வந்துட்டா அந்த அகலத்துக்கு அர்த்தமே இல்லை.

நல்ல அம்புக்கு அந்தந்த ஆட்டத்துக்குன்னு ஒரு நிறத்தில் டேப் சுத்துவேன். எந்த நிறம்னு காலையில்தான் முடிவு பண்ணுவேன், ரோல் என் இடுப்புப் பையை விட்டு இறங்காது. இந்தத் தடவை மஞ்சள்.

அறுபத்திநாலில் இருபத்திரண்டைக் கழிச்சேன். மழைக்காலத்தில் ஷெட்டில் வச்சது, பசை ஊறிப்போச்சு. மிச்சம் நாற்பத்திரண்டு. தினகரன் முகம் செத்துடுச்சு.

"ஆளுக்கு மூணரை அம்பை வச்சு நான் எந்தக் கோட்டையைப் பிடிக்கிறது?"

"மூணு மூணு எடுத்துக்கட்டும். மிச்சம் ஆறு இருக்கு, அதைத் தளபதிங்களுக்குக் குடுங்க."

கழிச்ச அம்போட தலையை அங்கயே வெட்டிடணும். அது நான் போட்ட சட்டம். கத்தரிக்கோலை எடுத்தேன், "ஸ்பாஞ்ச் நல்லாத்தானே இருக்கு, வெட்டாத வசு, வீட்டுக்குப் போய் ரிப்பேர் பண்ணிக்கலாம்"ன்னார். ஏற்கெனவே நொந்து போயிருக்கிற மனுஷன். சரின்னு சாக்கில் போட்டுக் கட்டி வச்சுட்டேன்.

மதியம் கயிறு வாங்கணும்னு பைக்கில் கோட்டூர் போனார். ஒரு மணி நேரம் கழிச்சு வெறுங்கையோட வந்தார், கடை சாத்தியிருந்துச்சாம். ஆனா முகம் தெளிஞ்சு போயிருந்துச்சு. எனக்கு ஒரு இளநீர் வேற வெட்டிக் குடுத்தார். கோபத்தை ரொம்ப நேரம் வச்சுக்கத் தெரியாது அவருக்கு.

ஜனவரி 26, ஞாயிறு

முருகானந்தம் அண்ணன் கண்ணில் அம்பு. கீழ விழுந்ததை எடுத்துப் பாத்தேன். மஞ்சள் டேப். நான் பாத்து விட்ட அம்பு.

ஜனவரி 27, திங்கள்

எழுதினாலாவது நெஞ்சு ஆறுமான்னு பாக்கறேன்.

முற்றுகை பதினொரு மணிக்கு ஆரம்பிச்சுது. பன்னிரண்டு பேரும் இடுப்புத் தூணியில் அஞ்சஞ்சு அம்போட ரெண்டு பக்கமும் வரிசை கட்டி நின்னது அழகாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. அந்தப் பன்னிரண்டில் ஒருத்தரான முருகானந்தம் அண்ணன் கோட்டைக்குத் தளபதி. எதிர்ப்பக்கத்து வில்லாளி ரியாஸ் அவர் நெஞ்சுக்குத்தான் குறி வச்சான். தலைக்குக் குறி வைக்கக் கூடாதுன்னு சட்டம், ரியாஸ் அதை மீறவே மாட்டான். அண்ணன் அந்த நேரம் பார்த்துக் கீழ விழுந்த கேடயத்தை எடுக்கக் குனிஞ்சார். அவ்வளவுதான். இடது கண். அம்புத் தலையில் ஸ்பாஞ்ச் பின்னால ஒதுங்கி, குச்சி முனை முன்னால நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

நான் அந்த அம்பைக் கையில் வச்சுக்கிட்டு நின்னேன். எல்லாரும் டேப்பைப் பாத்தாங்க, அப்புறம் என்னைப் பாத்தாங்க. தினகரன் வந்து என் தோளைப் பிடிச்சு, "அறுபத்திநாலு அம்புப்பா, அவ கையும் கைதானே, விடுங்க"ன்னார். எனக்காகப் பேசறார்னு அழுகையே வந்துடுச்சு.

எந்த அம்பு? அதைத்தான் ராத்திரி பகலா யோசிக்கிறேன். எந்த அம்பில் என் விரல் அமுக்காம விட்டுச்சு?

கழிச்ச சாக்கைக் கொண்டாங்க, திரும்பப் பாக்கணும்னு கேட்டேன். தோப்பிலேயே எரிச்சுட்டாராம். "அதைப் பாத்தாலே உனக்கு வேதனை, எதுக்கு?"ன்னார். அதுவும் சரிதான்.

ஜனவரி 28, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. அண்ணனுக்குக் கட்டுப் போட்டிருக்கு. நான் காலில் விழப் போனேன், "அம்மிணி, என்னங்க இது, எந்திரிங்க"ன்னு அவரே கையைப் பிடிச்சுட்டார். திருப்பூர்ல சாயப்பட்டறையில் நிறம் பாக்கிற வேலை அவருக்கு. வெளிநாட்டுக்காரன் அனுப்பற துணித்துண்டையும் பட்டறையில் முக்கி எடுத்த துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சு ஒண்ணா இல்லையான்னு சொல்லணும். மெஷின் இருக்கு, ஆனா மெஷின் சரின்னு சொன்னதையும் அண்ணன் தள்ளியிருக்காராம். இருபத்தாறு வருஷம். அந்தக் கண்ணில் போய் நான்.

சாயங்காலம் தினகரன் எங்க நாற்பது பேர் வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு அறிவிப்பு எழுதினார். "சோதனையின்போது நேர்ந்த கவனக்குறைவால்"ன்னு இருந்துச்சு. என் பேர் போடலை. "பேரைப் போட்டுடுங்க, ஊருக்கே தெரியும்"ன்னேன். ரெண்டு நிமிஷம் போனையே பாத்துக்கிட்டிருந்துட்டு, போட்டார்.

ஜனவரி 30, வியாழன்

எனக்கு முன்னால எந்திரிச்சு தோசை சுட்டு வச்சிருந்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. தேங்காய்ச் சட்னி வேற.

பிப்ரவரி 2, ஞாயிறு

குரூப்பில் இதுவரைக்கும் முப்பத்தோரு பேர் எனக்குத் தனியா மெசேஜ் போட்டிருக்காங்க. "யாருக்கும் நடக்கும்க்கா." "மனசைத் தளர விடாதீங்க." நல்லவங்க. ஒவ்வொண்ணும் சுருக்குனு குத்துது.

அண்ணன் வீட்டுக்குத் திரும்பிட்டார். ரெண்டு பேரும் திருப்பூர் போய்ப் பாத்தோம். நான் பழையபடி அழுதேன். அவர் வீட்டம்மா சரோஜா அக்கா என் முகத்தைப் பாக்காமலே டீ மட்டும் கொண்டுவந்து வச்சாங்க. எனக்குத் தொண்டையில் இறங்கலை. தினகரன் குடிச்சார். திரும்பி வரும்போது பைக்கை ஓரமா நிறுத்தி, "உன்னை இப்படிப் பாக்க முடியலை வசு"ன்னு அவரும் கண்ணைத் துடைச்சார். நான்தான் தேத்தினேன்.

பிப்ரவரி 5, புதன்

ஒரு மோட்டாரை நாலு தடவை சோதிச்சேன். அஞ்சாவது தடவையும் ஆரம்பிச்சேன். பின்னால பதினேழு மோட்டார் வரிசையில் நிக்குது. மேனேஜர் வந்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?"ன்னார். எனக்கே என்ன தோணுச்சோ, "என்னைப் பேக்கிங்குக்கு மாத்திடுங்க சார்"ன்னுட்டேன். முத்திரையை மேஜையில் வச்சேன். சுகந்திகிட்ட ஒப்படைக்கச் சொன்னாங்க. அவளுக்கு அதை எப்படிப் பிடிக்கிறதுன்னுகூடத் தெரியலை.

வீட்டில் சொன்னேன். தினகரன் தட்டை வச்சுட்டார். "ஏன் வசு அப்படிப் பண்ணினே? உன் வேலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" அடேயப்பா, என்ன கேள்வி. ரெண்டையும் ஒரே கைதானே பாத்துச்சு.

பிப்ரவரி 8, சனி

டாக்டர் சொல்லிட்டாராம். பார்வை போகலை. ஆனா கண்ணுக்குப் பின்னால நரம்பில் அடி. இடது கண்ணில் நிறமெல்லாம் வெளிறித் தெரியுது, துவைச்சுத் துவைச்சுப் போன வேட்டி மாதிரின்னு அண்ணன் போனில் சொன்னார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். பட்டறை முதலாளி ஒரு மாசம் பாப்போம்னு சொல்லியிருக்கார்.

"நீங்க விசனப்படாதீங்க அம்மிணி"ன்னார். அவர் என்னைத் திட்டினால் எவ்வளவோ நல்லா இருக்கும்.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம்

மெதுவா எழுதணும்.

தினகரன் அடுத்த வருஷ ஆட்டம் பத்திப் பேசணும்னு யாரையோ பாக்கப் போயிட்டார். நான் தனியா பஸ் பிடிச்சுத் திருப்பூர் போனேன். சரோஜா அக்கா கோயிலுக்குப் போயிருந்தாங்க. அண்ணன் வாசலில் சேர் போட்டு, மடியில் துணித்துண்டுகளை வச்சு, ஒரு கண்ணை மூடி மூடிப் பாத்துக்கிட்டிருந்தார். பழக்கம் விட்டுடக் கூடாதாம்.

கொஞ்ச நேரம் வெயில், பஸ், கூட்டம்னு பேசினோம். அப்புறம் திடீர்னு உள்ள போய் அவரோட வேஷப் பையை எடுத்துக்கிட்டு வந்தார். அன்னைக்கு அவர் தூணியில் இருந்த அஞ்சு அம்பு, கூடவே அவரை அடிச்ச அம்பு. ஆஸ்பத்திரிக்குப் போற அவசரத்தில் கூட இருந்தவங்க, என் கையிலிருந்ததையும் வாங்கி, எல்லாத்தையும் ஒண்ணாத் திணிச்சுட்டாங்களாம்.

"ஒண்ணு கேக்கறேன் அம்மிணி. நீங்க ரெண்டு ரோல் டேப் வச்சிருந்தீங்களா?"

"இல்லீங்கண்ணா. ஒரே ரோல்தான்."

ஆறையும் வெயில்ல வரிசையா வச்சார். மூணை இந்தப் பக்கம் தள்ளினார், ரெண்டை அந்தப் பக்கம். அடிச்ச அம்பை அந்த ரெண்டோட சேத்தார்.

"இந்த மூணும் எலுமிச்சை மஞ்ச. இந்த மூணும் லேசா ஆரஞ்சுப் பக்கம் சாயுது. நல்ல கண்ணுல பாத்துத்தான் சொல்றேன். நாலு நாளா இதே நெனப்பா இருக்குது, ஒரு ரோல்ல இந்த வித்தியாசம் வராதுங்க."

எனக்கு எல்லாம் ஒரே மஞ்சளாத்தான் தெரிஞ்சுது. ஆனா எனக்கு விரல் இருக்கே. எலுமிச்சைன்னு சொன்ன மூணையும் எடுத்து அமுக்கினேன். நல்லா இருந்துச்சு. அந்தப் பக்கம் இருந்த ரெண்டையும் எடுத்தேன். ரெண்டிலும் குச்சி நெருடுச்சு. அமுக்கின உடனே. ரெண்டிலும்.

இது ரெண்டும் நான் கழிச்சது. என் விரல் எதையும் விடலை. பதினாறு நாளா நான் செத்துக்கிட்டிருந்தது எதுக்கு?

"யாரோ ஒட்டியிருக்காங்க"ன்னு மட்டும் சொன்னேன். அண்ணன் யாருன்னு கேக்கலை. எனக்கும் சொல்ல வாய் வரலை.

வீட்டுக்கு வந்தேன். அவர் பைக் நின்னுக்கிட்டிருந்துச்சு. சைடு பெட்டியைத் திறந்தேன். பழைய துணி, ஸ்பேனர், அடியில் ஒரு மஞ்சள் டேப் ரோல், பாதிக்கு மேல தீந்துபோனது. எடுத்து என் ரோலோட பக்கத்தில் வச்சேன். அண்ணன் சொன்னதுக்கப்புறம் எனக்கும் தெரிஞ்சுது. போட்டுத் தொலைக்கக்கூடத் தோணலை அந்த மனுஷனுக்கு.

அன்னைக்குக் கோட்டூர்ல வாங்கப்போனது கயிறு இல்லை. எரிச்சதா சொன்ன சாக்கிலும் நாலு அம்புக்கு மேல இருந்திருக்காது. பன்னிரண்டு பேருக்கு அஞ்சஞ்சு அம்பு அறுபது. நான் விட்டது நாற்பத்திரண்டு. ரெண்டையும் இதே நோட்டில் ரெண்டு நாள் இடைவெளியில் நானே எழுதி வச்சிருக்கேன். கூட்டிப் பாக்கலை. கூட்டிப் பாக்க மனசு வரலைன்னு எழுதினால்தான் சரி.

பிப்ரவரி 12, புதன்

காலையில் ரோலைத் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் வச்சேன். இன்னைக்கும் அவர்தான் சுட்டார்.

பாத்தார். மழுப்பலை. அந்த ஒரு மரியாதையாவது பண்ணினார்.

"எத்தனை?"

"பதினெட்டு. ரொம்ப மோசமா இருந்த நாலை விட்டுட்டேன்."

"மோசம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க பாத்தீங்களா?"

தோசைத் தட்டைத் தள்ளி வச்சார். அப்புறம் பேச ஆரம்பிச்சார். ஆறு மாச உழைப்பாம். நான் எப்பவுமே கொஞ்சம் அதிகமாக் கழிப்பேனாம், அதில் பாதி நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சாராம். அடிபட்ட அன்னைக்கே சொல்லிடலாம்னு வாயைத் திறந்தாராம், அதுக்குள்ள நான் அம்பை எடுத்துப் பாத்து "நான்தான், நான்தான்"னு அழ ஆரம்பிச்சுட்டேனாம். அப்போ நான் ஒத்துக்கிட்டதுதான் தப்பு.

"மறுநாள் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கலாம். நான் என் முத்திரையை வச்சுட்டு வந்து நின்னேனே, அன்னைக்காவது."

"உன்னை எல்லாரும் மன்னிச்சுட்டாங்க வசு. என்னைன்னா மன்னிப்பாங்களா? ஆட்டமே முடிஞ்சிருக்கும். நீ தாங்கிக்குவேன்னு நெனச்சேன்."

தாங்கிக்குவேன்னு நெனச்சாராம். தோசை சுட்டது, கண்ணைத் துடைச்சது எல்லாம் அதுக்குத்தான், நான் தொடர்ந்து தாங்கறதுக்கு. எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு, கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தற சத்தம் கேட்டுச்சு. சாத்தட்டும்.

"ஞாயித்துக்கிழமை திருப்பூர் போறோம். நீங்க உங்க வாயால சொல்றீங்க. அப்புறம் குரூப்பில் எழுதறீங்க, என் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டு. இல்லேன்னா நான் எழுதுவேன்."

தலையை ஆட்டினார்.

பிப்ரவரி 14, வெள்ளி

மேனேஜர்கிட்டப் போய் முத்திரையைத் திரும்பக் கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னார். நானா வச்சது, கேட்டவுடனே குடுப்பாங்களா.

பிப்ரவரி 16, ஞாயிறு

போனோம்.

அண்ணனும் சரோஜா அக்காவும் இருந்தாங்க. அக்கா வழக்கம் போல டீ வச்சாங்க. தினகரன் தம்ளரைத் தொடாம, தரையைப் பாத்துக்கிட்டு, எல்லாத்தையும் சொன்னார். ஒண்ணும் மறைக்கலை, அதை நான் எழுதணும். டேப் வாங்கினது, பாத்ரூம் ஷெட்டுக்குப் பின்னால உக்காந்து ஒட்டினது, சாக்கை எரிச்சது. கடைசியா, "என்னால்தான் உங்க கண்ணுக்கு இப்படி ஆச்சுங்கண்ணா"ன்னார்.

சரோஜா அக்கா எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. அண்ணன் தன் கண்ணைப் பத்திக் கேப்பார், வேலையைப் பத்திக் கேப்பார்னு நான் பயந்துக்கிட்டிருந்தேன். அவர் அதைத் தொடவே இல்லை.

"ஏனுங்க தம்பி, அன்னைக்கு ரெண்டு பேரும் வந்தீங்களே. இந்த அம்மிணி இதே எடத்துல உக்காந்து, நான் ஒரு கண்ணைக் கெடுத்துப்போட்டனேன்னு தேம்பித் தேம்பி அழுதுச்சு. நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க. டீ குடிச்சீங்க. எனக்கு அது மட்டும் புரியலீங்க. எப்படிங்க எறங்குச்சு?"

அண்ணன் பதிலுக்குக் காத்திருந்தார், நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டவர் மாதிரி. அப்புறம், "சரி, போயிட்டு வாங்க"ன்னார். என்னைப் பாத்து, "நீங்க எப்ப வேணா வாங்க அம்மிணி"ன்னார்.

வெளிய வந்ததும் தினகரன் பைக்கை ஸ்டார்ட் பண்ணிட்டு நான் ஏறுவேன்னு காத்திருந்தார். நான் நடக்க ஆரம்பிச்சேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலயே மெதுவா உருட்டிக்கிட்டு வந்தார். "வெயில் கொளுத்துது, ஏறிக்கோ வசு, எல்லாரும் பாக்கறாங்க. குரூப்பில் நேத்தே எழுதிட்டேன், பாத்தியா, முப்பத்தெட்டு பேர் பாத்திருக்காங்க, ஒருத்தர்கூடப் பதில் போடலை. இனிமே என்ன பண்ணணும்னு சொல்லு, பண்றேன்"ன்னார்.

நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை. ஒன்பது வருஷமா இந்த மனுஷன் கயிறு வாங்கப் போறேன்னா கயிறு வாங்கப் போறார்னுதான் இருந்திருக்கேன்.

பல்லடம் பஸ் வந்துச்சு. அங்க என் அக்கா வீடு. படியில் கால் வச்சேன்.

"வீட்டுக்கு வருவியா வசு?"

"தெரியலீங்க"ன்னேன். நெசமாவே தெரியலை. உள்ளதை உள்ளபடி சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகுது, ஒரு நொடி.